மாதிரி எண் 41

ஷூவின் நாக்குத் தோலில் சுருக்கம் பார்க்க
லியோனிலிருந்து வந்த எத்தியேன்
ஆம்பூர் வெயிலில் இறங்கியதும் விசாரித்தது
தோலைப் பற்றி அல்ல.
பைபாஸ் ஓரம் பிளந்துகிடந்த குன்றைக் காட்டி
இது என்ன கல் என்றார்.

கருங்கல், என்றேன்.
ஒரு சில்லைப் பொறுக்கி
எச்சில் தொட்டுத் தேய்த்து
வெளிச்சத்தில் திருப்பினார்,
நான் ஆட்டுத்தோலில் மயிர்க்கண் பார்ப்பேனே
அந்த மாதிரி.

அவர் அப்பாவின் திராட்சை நிற்பதும்
இந்தக் கல்லின் பங்காளிமேல்தானாம்.
அங்கே அது இளஞ்சிவப்பு.
போஜொலே என்று ஊர்ப்பக்கத்தின் பேர் சொன்னார்.
டிரைவர் தசரதன் அதைப்
"போஜலு" என்று பிடித்துக்கொண்டான்,
கடைசிவரை விடவில்லை.

குளிர் புகுந்து, விரிசலில் நீர் உறைந்து,
கல் தானாக உதிருமாம்
வறுத்த ரவை போல.
மழை நின்ற கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுகிற மண்.
சத்து இல்லை, சுண்ணாம்பு இல்லை,
நெல் விதைத்தால் சிரிக்கும்.
கமே என்றொரு கருந்திராட்சைக்கு மட்டும்
அந்த இல்லாமை ஒத்துப்போகிறது.
கொழுத்த மண்ணில் நட்டால்
கொத்துக் கொத்தாய்க் காய்த்து
ருசி தண்ணீராகிவிடுமாம்.

கார்த்திகையில் இலை கொட்டிவிட்டுக்
கொடி தூங்கும் என்றார்.
பங்குனி சித்திரையில் மொட்டுக் கண் திறக்கிற இரவு
உறைபனி இறங்கினால்
வரிசை வரிசையாகத் தீச்சட்டி ஏற்றிக்
குடும்பமே கண்விழித்துக் காவல்.
ஆடியில் கல்மழை வந்தாலோ
ஒரு கால்மணி நேரத்தில் வருஷம் முடிந்தது.

தசரதனால் தாங்கவில்லை.
சித்திரையில் பனியா?
ஒடுகத்தூர் மச்சான் ஒருதரம் திராட்சை போட்டானாம்.
நம்ம பக்கம் கொடி தூங்காது சார்,
தண்ணியை நிறுத்தி, வெட்டி, உலுக்கி எழுப்பி
வருஷத்துக்கு ரெண்டு காய்ப்பு.
ரெண்டு ஷிப்ட், என்று நான் மொழிபெயர்த்தேன்.
எத்தியேன் சிரிக்கவில்லை.
கேட்டுக்குள் அப்போதுதான்
மதிய ஷிப்டுப் பெண்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது
முதலாளி அத்தீக் சாயபுக்கு
அப்பாவின் தோட்டத்துப் பாட்டில் ஒன்று கொடுத்தார்.
தண்ணீரைக்கூட முகர்ந்து குடிக்கிற மனுஷர்.
வாங்காவிட்டால் மரியாதையில்லை, வாங்கினால் ஹராம்.
இரண்டு கையாலும் வாங்கி
அப்படியே என்னிடம் நீட்டினார்:
"லாப்ல வைம்மா. சாம்பிளா இருக்கட்டும்."

குரோம் கரைசலுக்கும்
துத்திப்பட்டுக் கிணற்றுநீருக்கும் நடுவில்
லேபிள் ஒட்டி நிறுத்தினேன்.
மாதிரி எண் 41.

அக்கினி நட்சத்திரத்தின் இரண்டாம் ஞாயிறு
நாள் முழுக்கக் கரண்ட் இல்லை.
திங்கட்கிழமை கதவைத் திறந்தால்
லாபில் புதுசாக ஒரு வாசனை,
நாவல்பழம் மிதிபட்ட சாலை போல.
தக்கை பாதி ஏறி நின்றது.
கழுத்து வழியே இறங்கிய சிவப்பு
மேஜையில் கிடந்த வெள்ளாட்டுத்தோல் துண்டைத்
தேடிப்போய் நனைத்திருந்தது.

தோல் அதை வாங்கியிருந்தது. அதில் வியப்பில்லை,
துவர்ப்புக்குத் தோல் அடிமை.
ஆவாரம் பட்டையில் இருப்பதும்
கடுக்காயில் இருப்பதும்
எத்தியேன் ஊர்க்காரர்கள் நாக்கில் உருட்டி
நல்ல வருஷம் கெட்ட வருஷம் என்று பேசுவதும்
ஒரே சரக்குதான்.

மண்ணின் ருசி பழத்தில் ஏறுமென்று அவர் சொன்னபோது
நான் வாயைத் திறக்கவில்லை.
எங்கள் தெரு இளநீர் கரிக்கும்.
பதினோரு வருடமாக இந்த மண்ணைப்
பீக்கரில் கரைத்துப் பார்க்கிறவள் நான்.

மிச்சத்தைக் கொட்ட மனம் வரவில்லை.
குடிக்கவும் இல்லை.
நீர் விட்டு நிறம் வெளிறச் செய்து
வெள்ளி நைட்ரேட் சொட்டினேன்,
கிணற்றுநீருக்குச் செய்வதுபோலவே.
பால் திரியவில்லை.

அமிலம்: மூன்றரை.
துவர்: உண்டு.
உப்பு என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
இல்லை என்று எழுதி இந்த மேஜைக்குப் பழக்கமில்லை.
குழாயைக் கழுவிவிட்டு
மறுபடி ஒருமுறை சோதித்தேன்.